பதின்மூன்றாம் முனையில் ஒரு விளக்கு

ஆர்டுயினோ என்னும் சிறிய மின்னணுப் பலகையைப் புதிதாக வாங்கிய ஒருவர், அதை யு.எஸ்.பி. கேபிளினால் தம் கணினியோடு இணைத்து, அதற்குரிய மென்பொருளைத் திறந்து, தம்முடைய பலகை இன்ன வகையைச் சேர்ந்தது என்பதையும் கணினியின் இன்ன போர்ட்டில் அது வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும் பட்டியல்களிலிருந்து தேர்ந்தெடுத்து, 'பிளிங்க்' என்ற பெயரில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும் மாதிரி நிரலை அழைத்து, அப்லோட் பொத்தானை அழுத்தினால், சில விநாடிகளுக்குள் பலகையின் பதின்மூன்றாம் முனையோடு சேர்ந்த எல்.இ.டி. விளக்கு ஒரு விநாடி எரிவதும் ஒரு விநாடி அணைவதுமாக இயங்கத் தொடங்குகிறது. பத்து வயதுச் சிறுமியானாலும், ஓய்வு பெற்ற ஆசிரியரானாலும், மைக்ரோகன்ட்ரோலர் வித்தையில் பிரவேசிக்கிற லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கிரமப்படியே பிரவேசிக்கிறார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தக் காரியத்தின் ஒவ்வொரு படியும் யாரோ ஒருவருடைய தீர்மானத்தினால், பெரும்பாலும் கற்பவரிடம் கொண்ட கரிசனத்தினால், ஏற்பட்டது. சில்லுகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவற்றின் வேகத்தையும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையையும் விஸ்தாரமாக எழுதுகிறார்கள். சில்லுக்கும் அதை முதன்முதலில் கையில் எடுத்த மனிதருக்கும் நடுவே இருந்த தூரம் எவ்வாறு குறைந்தது என்பதை அநேகமாக எழுதுவதில்லை. என் அபிப்பிராயத்தில் இந்த இரண்டாவது சரித்திரமே அதிக மதிப்புடையது.

1974-ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ். 1000 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கணக்கிடும் செயலியும், நினைவகமும், வெளி உலகத்தோடு தொடர்பு கொள்ளும் முனைகளும் ஒரே சிலிக்கான் துண்டில் அடங்கின; மைக்ரோகன்ட்ரோலர் என்பது இத்தகைய சில்லே. ஆயினும் அதனுள் இயங்கவேண்டிய நிரல், சில்லைத் தயாரிக்கும்போதே அதன் அமைப்பில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டது. ஆகையால் கால்குலேட்டரோ விளையாட்டுச் சாமானோ ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் கம்பெனிகளைத் தவிர மற்றவர்க்கு அதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்டெல் நிறுவனத்தின் 8048-உம், 1980-இல் இன்றளவும் பெயர் மங்காத 8051-உம் வந்தன. இவ்விரண்டுக்கும் அழித்தெழுதக்கூடிய நினைவகம் கொண்ட உடன்பிறப்புகள் உண்டு. அவற்றின் முதுகில் சதுரமான குவார்ட்ஸ் ஜன்னல் ஒன்று இருக்கும். நிரலை மாற்றவேண்டுமானால், சில்லைப் பலகையிலிருந்து பெயர்த்தெடுத்து, ஒரு பெட்டிக்குள் வைத்துப் புற ஊதாக் கதிர் அந்த ஜன்னலின் வழியே விழும்படி ஏறக்குறைய இருபது நிமிஷம் காட்டி, பழைய நிரல் முற்றும் அழிந்ததா என்று சோதித்து, பிறகு புரோகிராமர் எனப்படும் தனி யந்திரத்தில் செருகிப் புதிய நிரலை எழுதி, ஜன்னலின்மேல் வெளிச்சம் படாதபடி ஒரு காகிதத்தை ஒட்டி, மறுபடியும் பலகையில் பொருத்தவேண்டும். ஒரே ஓர் எழுத்துப் பிழைக்கும் இத்தனை பிரயாசை வேண்டியிருந்தது. அடிக்கடி பெயர்த்துச் செருகுவதில் சில்லின் கால்கள் வளைந்து முறிவதும் உண்டு.

நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்றவர்களுக்கு இக்காலத்தின் வேறொரு முகம் நன்றாகத் தெரியும். 8085 பயிற்சிக் கருவி என்ற பெயரில், பதினாறு இலக்க ஹெக்ஸ் விசைகளும் ஏழு கோடுகளால் எண்களைக் காட்டும் சிவப்பு விளக்குகளும் பொருத்திய பெட்டிகள் ஆய்வுக்கூடங்களில் வரிசையாக இருக்கும். மாணாக்கர் அசெம்பிளி மொழியில் நிரலை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வோர் ஆணைக்கும் உரிய எண்ணை அட்டவணையில் தேடிப் பக்கத்தில் குறித்து, முகவரி முகவரியாக விரலால் தட்டி உள்ளிடவேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் உள்ளிட்டது அத்தனையும் போய்விடும். இப்பயிற்சியை இழித்துப் பேச எனக்கு மனமில்லை. யந்திரத்தின் அந்தரங்கத்தை அதைப்போல் கண்முன் நிறுத்திய பாடம் வேறு இல்லை. ஆனால் பொறியியல் மாணாக்கராக ஒரு கல்லூரியில் இடம் பெற்று, இரண்டு மூன்று வருஷங்கள் கழிந்து, வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வாய்த்தவருக்கே அந்த ஞானம் கிட்டியது. இசைக்கருவி செய்கிறவரும், சித்திரக்காரரும், பள்ளிச் சிறுவரும் அந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

மின்சாரத்தினாலேயே அழித்து மின்சாரத்தினாலேயே எழுதக்கூடிய நினைவகம் சில்லுக்குள் புகுந்ததுதான் முதல் பெரிய மாறுதல். 1993-ஆம் ஆண்டில் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 16சி84 இவ்வகையில் வந்தது. அட்மெல் நிறுவனம் 8051 குடும்பத்துச் சில்லுக்கு ஃபிளாஷ் நினைவகத்தை அளித்தது. புற ஊதாப் பெட்டி தேவையற்றதாயிற்று. ஏறக்குறைய இதே சமயத்தில் நார்வே நாட்டின் டிரான்ஹைம் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆல்ஃப்-ஏகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரண்டு மாணவர்கள் தங்கள் சொந்த ஆர்வத்தினால் ஒரு புதிய செயலியை வகுத்தார்கள். அட்மெல் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டு, ஏ.வி.ஆர். என்ற பெயரில் 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்டது. சில்லை வகுக்கும்போதே, சி மொழிக்குக் கம்பைலர் எழுதும் ஸ்வீடன் நாட்டு வல்லுநர்களைக் கலந்தாலோசித்து, அம்மொழியில் எழுதிய நிரல் அதில் சிக்கனமாக ஓடும்படி அமைத்தார்கள் என்பது இதில் விசேஷம். பலகையிலிருந்து கழற்றாமலே அதற்குள் நிரலை ஏற்றலாம் என்பதும் அதன் குணங்களில் ஒன்று. பிற்காலத்தில் லட்சக்கணக்கான ஆரம்ப மாணாக்கர் கைக்கு வந்து சேர்ந்த சில்லு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சில்லு எளிதாகிவிட்டால் வாசல் திறந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. அமெரிக்காவில் பேரலாக்ஸ் என்ற கம்பெனி 1992-இல் 'பேசிக் ஸ்டாம்ப்' என்ற சிறு பலகையைக் கொண்டுவந்து, பேசிக் மொழியில் எழுதுவதைப் படித்து இயக்கும் ஏற்பாட்டை அதனுள் வைத்து, ஒரு கேபிளைச் செருகினாலே போதும் என்ற நிலையை உண்டாக்கியது. ஆரம்ப மாணாக்கரை முன்னிட்டுச் செய்யப்பட்ட முதல் பெரும் உபகாரம் அது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இவ்ரேயா நகரத்து ஆசிரியர் ஒருவர் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பலகைக்கும் அடிப்படை உறுப்புகளுக்குமாக ஏறக்குறைய 100 டாலர் செலவாயிற்று. அவருடைய மாணாக்கர் விரும்பிய காரியங்களுக்கு அதன் சக்தியும் போதவில்லை. அவர்களில் பெரும்பாலோர் உபயோகித்த மெக்கின்டாஷ் கணினிகளில் அது இணங்கவும் இல்லை.

இந்த இவ்ரேயாவைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே போக முடியாது. இத்தாலி நாட்டின் வடமேற்கில், பீட்மாண்ட் பிரதேசத்தில், டூரின் நகருக்கு வடக்கே, டோரா பால்ட்டேயா ஆற்றங்கரையில் அமைந்த சிறிய ஊர் அது. 1908-ஆம் ஆண்டில் கமில்லோ ஒலிவெட்டி அங்கே தட்டச்சு யந்திரத் தொழிற்சாலையை ஸ்தாபித்தார். அவருடைய குமாரர் அட்ரியானோ ஒலிவெட்டி, தொழிற்சாலை என்பது லாபம் ஈட்டும் இடம் மாத்திரம் ஆகாது, அது ஒரு சமூகத்தின் நடுமையமாகவும் இருக்கவேண்டும் என்ற கொள்கையில் திடமான நம்பிக்கை உடையவராக இருந்து, தொழிலாளருக்கு நூல்நிலையங்களையும் குழந்தைகளுக்குக் காப்பகங்களையும் நிறுவி, சிறந்த கட்டடக் கலைஞர்களை வரவழைத்து அந்த ஊரின் தோற்றத்தையே மாற்றினார். லெட்டெரா 22 என்ற கையடக்கத் தட்டச்சு யந்திரம் அங்கிருந்துதான் உலகமெங்கும் சென்றது. 1965-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட புரோகிராமா 101 என்னும் மேஜைக் கணக்கிடும் யந்திரமும் அந்தக் கம்பெனியின் படைப்பே. ஓர் அறையை அடைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டு அணிந்த நிபுணர்களால் மட்டுமே அணுகப்பட்டுவந்த கணிப்பான்களின் காலத்தில், சாதாரண அலுவலக ஊழியர் ஒருவர் தம் மேஜைமேல் வைத்து, காந்த அட்டை ஒன்றைச் செருகி, தம் நிரலைத் தாமே ஏற்றிக்கொள்ளும்படி அதைப் பியர் ஜோர்ஜியோ பெரோட்டோவும் அவருடைய சகாக்களும் அமைத்தார்கள். யந்திரத்தை உபயோகிக்கப்போகிறவரை முதலில் நினைக்கவேண்டும் என்ற எண்ணம் அந்த ஊரில் இவ்வாறு வேரூன்றியிருந்தது. யுனெஸ்கோ அமைப்பு 2018-இல் இவ்ரேயாவை உலகப் பாரம்பரிய நகராக அங்கீகரித்தது இக்காரணங்களை முன்னிட்டே.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிவெட்டியின் பழைய பெருமை க்ஷீணித்துவிட்டது. எனினும் 2001-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனியும் டெலிகாம் இத்தாலியாவும் சேர்ந்து, மனிதருக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் உள்ள உறவை வடிவமைக்கும் கலையைக் கற்பிப்பதற்காக அங்கே ஒரு முதுகலைக் கல்விநிலையத்தை நிறுவின. கில்லியன் கிராம்ப்டன் ஸ்மித் என்ற அம்மையார் அதன் தலைமையை ஏற்றார். அதில் சேர்ந்த மாணாக்கர் பல தேசத்தவர். பெரும்பாலும் வடிவமைப்பும் கலையும் பயின்றவர்கள். ஒரு விளக்கு மனிதர் அருகில் வந்தால் எரியவேண்டும், ஒரு நாற்காலி உட்காருபவரின் பாரத்தை உணரவேண்டும் என்பவை போன்ற கற்பனைகள் அவர்களுக்கு ஏராளமாக இருந்தன. அவற்றைச் செய்து காட்ட வேண்டிய மின்னணு அறிவு அவர்களிடம் இல்லை. அதை மூன்று வருஷம் உட்கார்ந்து கற்க அவகாசமும் இல்லை. நான் மேலே குறிப்பிட்ட ஆசிரியர் மாசிமோ பான்ஸி இவர்களுக்கே பாடம் சொல்லிவந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வுக்கூடத்தில், ஜான் மாயேடாவின் மாணாக்கர்களான கேசி ரியாஸும் பென் ஃபிரையும் 2001-இல் தொடங்கிய 'புராசசிங்' என்ற மென்பொருள், சித்திரக்காரர்களும் நிரல் எழுதலாம் என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தது. எழுதுவதற்கு ஒரு வெள்ளைப் பரப்பு, மேலே சில பொத்தான்கள், ஒன்றை அழுத்தினால் உடனே ஒரு சித்திரம்: இவ்வளவே அதன் தோற்றம். கேசி ரியாஸ் இவ்ரேயாவுக்கு ஆசிரியராக வந்தார். அவரையும் பான்ஸியையும் வழிகாட்டிகளாகக் கொண்டு, கொலம்பியா நாட்டைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் 2003-இல் தம் ஆய்வை மேற்கொண்டார். கணினித் திரையில் புராசசிங் செய்ததை மின்னணுச் சாதனங்களின் உலகத்தில் செய்யவேண்டும் என்பது அவருடைய லட்சியம். அதற்காக அவர் அட்மெல் நிறுவனத்தின் ஏ.வி.ஆர். சில்லு ஒன்றைக் கொண்டு ஒரு பலகையை அமைத்தார். புராசசிங்கின் ஜன்னலையே அதற்கும் முகமாக வைத்தார். இலவசமாகக் கிடைத்த ஜி.சி.சி. கம்பைலரை உள்ளே மறைத்து வைத்தார். சில்லின் பதிவகங்களை நேரே திருத்தும் கடினமான வரிகளுக்குப் பதிலாக, 'பின்மோட்', 'டிஜிட்டல்ரைட்', 'டிலே' என்ற எளிய ஆணைகளை வகுத்தார். ஒருமுறை மட்டும் நடக்கவேண்டியதை 'செட்டப்' பகுதியிலும் ஓயாமல் நடக்கவேண்டியதை 'லூப்' பகுதியிலும் எழுதினால் போதும். இதற்கு 'வயரிங்' என்று பெயரிட்டு, 2004-இல் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

இந்த ஏற்பாட்டில் மறைந்திருக்கும் நுட்பத்தைச் சொல்லவேண்டும். அப்லோட் பொத்தானை அழுத்தியவுடன், கணினி அந்த நிரலைச் சி++ மொழிக் கோப்பாக்கி, கம்பைலரிடம் கொடுத்து, சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றி, அவற்றைக் கேபிளின் வழியே அனுப்புகிறது. மறுகோடியில் அவற்றைப் பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டுமல்லவா? சில்லின் நினைவகத்தின் ஒரு மூலையில் முன்பே ஏற்றி வைத்திருக்கும் பூட்லோடர் என்ற மிகச் சிறிய நிரல் அந்தக் காரியத்தைச் செய்கிறது. பலகை விழித்தெழும்போது அது முதலில் எழுந்து, கேபிளின் வழியே புதிய நிரல் ஏதேனும் வருகிறதா என்று சில கணம் காத்திருந்து, வந்தால் வாங்கி உரிய இடத்தில் எழுதி, வராவிட்டால் பழைய நிரலிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. புரோகிராமர் யந்திரத்தைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டிய நிர்ப்பந்தத்தை நீக்கியது இந்தச் சிறு காவலாளிதான். பிற்காலத்து ஆர்டுயினோ ஊனோ பலகையில் அது பிடித்துக்கொள்ளும் இடம் அரை கிலோபைட்டுக்கு மேற்படாது.

வயரிங் பலகையில் உபயோகித்த சில்லு விலை கூடியது. 2005-ஆம் ஆண்டில் பான்ஸியும், அப்போது அங்கே மாணவராக இருந்த டேவிட் மெல்லிஸும், ஸ்வீடனின் மால்மோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஸ்பானிஷ் பொறியாளர் டேவிட் குவார்டியேல்ஸும் சேர்ந்து, மலிவான ஏ.டி.மெகா8 என்ற சில்லுக்கும் வயரிங் மென்பொருள் பொருந்தும்படி செய்து, பிறகு அதைத் தனிப்பாதையில் வளர்க்கலானார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்து ஆசிரியர் டாம் ஐகோவும், இவ்ரேயா வட்டாரத்தில் மின்னணுப் பலகைகள் தயாரித்துவந்த ஜியான்லூக்கா மார்ட்டினோவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு மாணவர் பீட்சாக் கடையில் ஒரு வேளை சாப்பிடச் செலவழிக்கும் பணத்துக்கு, அதாவது சுமார் 30 டாலருக்கு, பலகை கிடைக்கவேண்டும் என்று பான்ஸி நிச்சயித்தார். மற்றப் பலகைகள் பச்சை நிறத்தில் இருந்த காலத்தில் இதற்கு நீல நிறம் கொடுத்தார்கள்; பின்புறத்தில் இத்தாலியின் சிறு வரைபடம் ஒன்றையும் பதித்தார்கள். கி.பி. 1002-இல் இத்தாலிக்கு அரசராகி, பின்னர் ஜெர்மானிய அரசர் இரண்டாம் ஹென்றியிடம் அந்தப் பதவியை இழந்த இவ்ரேயாவின் ஆர்டுயின் பெயரால் ஊரில் ஒரு மதுக்கடை இருந்தது. பான்ஸி வழக்கமாகச் சென்ற அந்தக் கடையின் பெயரே பலகைக்கும் அமைந்தது.

முதலில் சில நூறு வெற்றுப் பலகைகளை அச்சிட்டு மாணாக்கரிடம் கொடுத்து, உறுப்புகளை நீங்களே சால்டர் செய்து பொருத்தி, எதையேனும் செய்து பாருங்கள் என்றார்கள். அதில் விளைந்த ஆரம்ப காலப் படைப்புகளில் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் கடிகாரம். அலாரம் அடிக்கும்போது இன்னும் சிறிது தூங்கலாம் என்று பொத்தானை அழுத்தினால், அது கைக்கு எட்டாமல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகுமாம்; கடைசியில் படுக்கையை விட்டு எழுந்தே தீரவேண்டும். மின்னணுவியல் பயிலாத ஒருவர் இப்படிப்பட்ட காரியத்தைச் செய்துவிட்டார் என்பதே அந்த ஆசிரியர்களுக்குத் தாங்கள் நடந்த வழி சரியென்பதற்கு அத்தாட்சியாயிற்று.

அதே 2005-இல் கல்விநிலையம் இவ்ரேயாவை விட்டு மிலான் நகரத்து டோமஸ் அகாடமியோடு இணைக்கப்படவேண்டியதாயிற்று. அது மூடப்பட்டால் தங்கள் உழைப்பெல்லாம் ஏதோ ஓர் அலமாரியில் பூட்டப்பட்டுவிடுமே என்ற கவலை அவர்களைப் பீடித்தது. ஆகையால் மென்பொருளை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு மட்டும் நில்லாமல், பலகையின் வரைபடங்களையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் உலகத்துக்குக் கொடுத்தார்கள். எவரும் அதைப் பார்த்துச் செய்யலாம், விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயரை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஓர் அச்சத்தின் விளைவாகப் பிறந்த இந்தத் தீர்மானம்தான் பலகையை ஊர் ஊராகக் கொண்டுசென்றது.

அந்த அவசர நாட்களின் அடையாளம் ஒன்று இன்றுவரை பலகையில் இருக்கிறது. அதன் ஓரத்துத் துளைகள் யாவும் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியோடு அமைந்திருக்க, ஏழாம் முனைக்கும் எட்டாம் முனைக்கும் நடுவில் மாத்திரம் இடைவெளி 0.16 அங்குலம். வரைபடத்தில் நேர்ந்த பிழை அது. அதைத் திருத்துவது சுலபம். ஆனால் கவனித்த சமயத்தில் அந்தப் பலகையின் தலைமேல் பொருத்தும் 'ஷீல்டு' என்னும் துணைப் பலகைகளைப் பலர் அதே இடைவெளியை அனுசரித்துச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். தம் பிழையைத் திருத்தினால் பிறர் உழைப்பு வீணாகும் என்பதால் பிழையையே நிலைநிறுத்தினார்கள். 2023-இல் 32 பிட் ரெனேசாஸ் சில்லோடு வந்த ஊனோ ஆர்4 பலகையிலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

இனி, ஆரம்ப மாணாக்கரை இன்றும் அதிகமாகக் கலங்கவைக்கும் போர்ட் விஷயத்துக்கு வருவோம். முதல் ஆர்டுயினோ பலகையில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் இணைப்பே இருந்தது. அது 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்ற பழைய நியமத்தைச் சேர்ந்தது. ஒரே கம்பியில் எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. ஆனால் 1996-இல் தோன்றிய யு.எஸ்.பி. அதற்குள் கணினிகளில் பரவி, மடிக்கணினிகளில் சீரியல் இணைப்பே மறைந்துகொண்டிருந்தது. எனவே அடுத்த பலகைகளில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் மாற்றிச் சில்லு ஒன்றை வைத்தார்கள். அது ஒரு பக்கம் கணினியோடு யு.எஸ்.பி. பாஷையிலும் மறுபக்கம் மைக்ரோகன்ட்ரோலரோடு பழைய சீரியல் பாஷையிலும் பேசும். கணினியில் அதற்குரிய டிரைவர் நிறுவப்பட்டவுடன், உண்மையில் இல்லாத ஒரு சீரியல் போர்ட் இருப்பதுபோல் விண்டோஸ் ஒரு புதிய 'காம்' எண்ணைக் காட்டும். காம் 3, காம் 5 என்று பட்டியலில் தோன்றுவது அதுவே. லினக்ஸ் கணினியிலோ, பலகை தெரிந்தும் அதில் எழுத அனுமதியில்லை என்ற தடை வரும். பயனரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்தால் அது நீங்கும். தொலைபேசி மோடங்களின் காலத்தில் ஏற்பட்ட அக்குழுவின் பெயர், மோடத்தைக் கண்ணாலும் பார்த்திராத தலைமுறையின் முன்னால் இன்னும் வந்து நிற்கிறது.

பூட்லோடர் விழித்திருக்கும் சில கணங்களுக்குள் நிரல் வந்து சேரவேண்டும் என்றேன். ஆரம்ப காலத்துப் பலகைகளில், அப்லோட் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்பு பலகையிலுள்ள ரீசெட் பொத்தானைக் கையால் அழுத்தவேண்டும். அழுத்தும் தருணம் தவறினால் கணினி ஒரு பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். கேபிளில் பிழையா, டிரைவரில் பிழையா, தன் நிரலில் பிழையா என்று தெரியாமல் மாணவர் மனம் சோர்ந்துபோவார். 2007-இல் வெளிவந்த டியேசிமீலா என்ற பலகையில் இதற்குப் பரிகாரம் கிடைத்தது. சீரியல் இணைப்பில் மோடங்களுக்கென்று இருந்து வேலையற்றுக் கிடந்த டி.டி.ஆர். என்ற கம்பியை, நூறு நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றின் மூலம் ரீசெட் முனையோடு சேர்த்துவிட்டார்கள். கணினி போர்ட்டைத் திறக்கும்போதே பலகை தானாக விழித்துக்கொள்ளும். பத்தாயிரம் பலகைகள் தயாரானதைக் கொண்டாடும் பெயரோடு வந்த அந்தப் பலகை செய்த மிகப் பெரிய உபகாரம் அந்த ஒற்றை மின்தேக்கிதான் என்பது என் துணிபு. அதற்கு அடுத்த டுவேமிலானோவே பலகை, மின்சாரம் கேபிளிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதைத் தானே அறிந்துகொண்டதால், ஜம்பர் ஒன்றைக் கையால் மாற்றிவைக்கும் வேலையும் ஒழிந்தது.

விளக்கின் கதையும் இப்படித்தான். முற்பட்ட பலகைகள் சிலவற்றில் பதின்மூன்றாம் முனையில் விளக்கு பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஆயிரம் ஓம் மின்தடை ஒன்று மட்டும் உள்ளே இருந்தது. எல்.இ.டி. ஒன்றை வாங்கி, அதன் நீண்ட காலைப் பதின்மூன்றாம் துளையிலும் குறுகிய காலைப் பக்கத்திலுள்ள நிலமுனைத் துளையிலும் செருகினால் போதும். தனியே மின்தடை தேடவேண்டாம், எரிந்துபோகும் என்ற பயமும் வேண்டாம். பிறகு அந்த விளக்கும் பலகையிலேயே அமைந்தபோது, கேபிளைத் தவிர வேறொரு சாமானும் இல்லாமலே முதல் பாடம் முடிந்தது. 2010-இல் ஊனோ வந்தபோது எஃப்.டி.டி.ஐ. சில்லுக்குப் பதிலாக அட்மெல் சில்லு ஒன்றே மாற்றியின் வேலையை ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் அதன் டிரைவர் கோப்பைக் கையால் காட்டவேண்டிய சிரமம் சில வருஷம் நீடித்து, விண்டோஸ் 10 வந்தபின் தீர்ந்தது.

இங்கிலாந்தில் 2016-இல் பி.பி.சி. நிறுவனம் ஏழாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கிய மைக்ரோபிட் பலகை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதைக் கணினியில் செருகினால் ஒரு பென் டிரைவைப்போல் தோன்றும். நிரல் கோப்பை அதன்மேல் இழுத்துப் போட்டால் தீர்ந்தது. போர்ட் என்ற பேச்சே இல்லை. சிறு குழந்தைகளுக்கு இதுவே சிறந்த வழி என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பதின்மூன்று வயதைக் கடந்தவர், போர்ட் என்றால் என்ன, கேபிளில் என்ன ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டு அறிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வரைபடங்கள் பொதுவுடைமையானதால் சீனத்தில் தயாரான நகல் பலகைகள் மலிவாக எங்கும் கிடைக்கலாயின. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் ஊனோ கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை இவையே. இவற்றில் பல, மாற்றிச் சில்லாக நான்ஜிங் நகரத்து நிறுவனம் ஒன்றின் சி.எச்.340-ஐக் கொண்டவை; அதற்குரிய டிரைவர் இல்லாத கணினியில் செருகினால் போர்ட் பட்டியல் வெறுமையாகவே இருக்கும். வேறு சிலவற்றில் எஃப்.டி.டி.ஐ. பெயர் பொறித்த போலிச் சில்லுகள் புகுந்தன. 2014-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஒரு டிரைவர், போலிகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றிக் கணினி அவற்றை அறியாதபடி செய்தது. தம் பலகையில் இருப்பது போலி என்று அறியாமல் வாங்கியவர்களும் தண்டிக்கப்பட்டதால் பெரும் ஆட்சேபம் எழுந்து, அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. கைபேசிக்கு மின்னேற்ற மட்டும் உதவும், உள்ளே செய்திக் கம்பிகளே இல்லாத கேபிளைச் செருகிவிட்டுப் பலகை பழுது என்று முடிவுகட்டுவதும் இன்று சர்வசாதாரணம். 2016 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோருக்காக அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டு, ஆர்டுயினோ பலகைகள் கிராமத்துச் சிறுவர் கைக்கும் வந்திருக்கின்றன. டிரைவரும் கேபிளும் சரியாக இருக்கின்றனவா என்று வகுப்புக்கு முன்தினமே பார்த்துவைக்கும் ஆசிரியர் அங்கே பாதிப் பாடத்தைச் சொல்லி முடித்தவராகிறார்.

நண்பர்களாய்த் தொடங்கிய பான்ஸி முதலிய ஐவருக்குள்ளும் ஆர்டுயினோ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு மூண்டு, இத்தாலியில் ஒரு கம்பெனியும் அமெரிக்காவில் ஒரு கம்பெனியும் ஒரே பெயரோடு நின்று, அமெரிக்காவுக்கு வெளியே 'ஜெனுயினோ' என்ற மாற்றுப் பெயரில் பலகைகள் விற்கவேண்டிய நிலையும் நேர்ந்து, 2016 அக்டோபரில் சமாதானம் ஏற்பட்டது. அந்தச் சச்சரவை நான் விரித்துரைக்க விரும்பவில்லை. அதே 2016-ஆம் ஆண்டில் எர்னாண்டோ பர்ரகான், ஆர்டுயினோவின் சொல்லப்படாத சரித்திரம் என்ற தலைப்பில் தம் பக்கத்து விவரங்களைத் தேதிகளோடு எழுதி வெளியிட்டார். அதுவரை ஐவர் பெயரைச் சொன்னவர்களில் எத்தனையோ பேர் அவர் பெயரைச் சொன்னதில்லை. ஐவரும் செய்தது அற்பமன்று. விலையைக் குறைத்ததும், வரைபடங்களைத் திறந்ததும், வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொரு தடையாக நீக்கியதும் அவர்களே. ஆனால் திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவி இன்று தன் முதல் நிரலில் எழுதும் 'பின்மோட்', 'டிஜிட்டல்ரைட்', 'டிலே' என்ற மூன்று ஆணைகளும் 2003-இல் வயரிங்குக்காக அந்தக் கொலம்பிய மாணவர் வகுத்தவை. பாடநூல் எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் ஒரு வரியை அவருக்கு ஒதுக்கவேண்டும்.